திருச்சாரணமும் கல்குளமும்

வேணாட்டு வேந்தர்க்குத் தலைநகராய் விளங்கிய பத்மநாபபுரத்தைக் காணச் செல்வோர் பெரும்பாலும் அரண்மனை வாயிலிற் புகுந்து, மரவேலைகளை வியந்து, மறுவாயிலால் வெளிப்போந்து, நகரினைக் கண்டேமென்று கருதி மீள்கின்றனர். அவர் கண்டது அந்நகரின் மேலடுக்கு ஒன்றே. அந்நாட்டின் அரசிருக்கை வரலாற்றை அறிய விழைவார் சிதறால் மலையினின்று தொடங்குதல் தக்கதென்பது எம் கருத்து. சமணர் பாழியாய் இருந்ததொரு மலையைச் சைவ நன்மக்கள் வாசிக்கும் இதழில் முதற்கண் வைத்துப் பேசுவதென்னையெனச் சிலர் வினவுதல் கூடும். அவ்வினாவிற்கு விடை பின்னர்க் கூறுதும். முன்னர் இடத்தின் இயல்பை அறிதல் வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோட்டு வட்டத்தில், மார்த்தாண்டத்தினின்று சுமார் 7 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சிதறால் என்னும் சிற்றூர். அதனையடுத்த குன்றினைக் கல்வெட்டுக்கள் திருச்சாரணத்து மலை என்று வழங்கும். சாரணர் என்பார் தவ வலிமையால் வான்வழிச் செல்லும் ஆற்றல் பெற்றவரெனச் சமண நூல்கள் கூறும் முனிவர். சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையிற் கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் கண்டு வணங்கிய சாரணரை நம்மவர் அறிவர். அத்தகையார் பெயரால் அமைந்த மலை இது. குன்றின் உச்சியை அடுத்துப் பெரும்பாறையொன்று மற்றொன்றின்மேற் கவிந்து இயற்கையானே ஒரு முழைஞ்சினை ஆக்கியுள்ளது. அப்பாறையின் புறத்தே தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகப் புடைப்புச் சிற்பமாய்ச் செதுக்கப்பட்டுள்ளன. ஐந்தலை நாகம் குடைபிடிப்ப நிற்கும் பார்சுவநாதரையும், மக்களும் சிங்கமும் அருகிருப்ப நிற்கும் அம்பிகை என்னும் இயக்கியையும் எளிதின் அடையாளங் காணலாம். முழைஞ்சினுள் அறைகள் உள. அதன் முன்னர்ப் பிற்காலத்துக் கருங்கல் மண்டபமொன்று எழுப்பப்பட்டுள்ளது. கீழே பாறைச் சரிவில் நீர் தங்குஞ் சுனையொன்று உண்டு. கட்டடம் என்று சொல்லத்தக்கது சிறிதே. பாறையைப் பாறையாகவே விட்டு, வேண்டுமளவு மட்டுமே உளிபட்ட இடம் இஃது.

இம்மலையிலுள்ள கல்வெட்டுக்களுள் தலையாயது ஆய்வேள் மரபினனாகிய விக்கிரமாதித்த வரகுணனது 28ஆம் ஆட்சியாண்டிற்குரியது. கி. பி. 885 அளவில் அவன் அரியணை ஏறினான் எனக் கொள்ளின், இது 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்ததாகும். பேராயக்குடி அரட்டநேமி பட்டாரரின் மாணாக்கியராகிய குணந்தாங்கிக் குரத்திகள் திருச்சாரணத்து மலைப் பட்டாரியார்க்குப் பொன்னணிகள் ஈந்த செய்தியை அது கூறுகின்றது. சில வரிகளே, எனினும் அவற்றுட் பொதிந்த பொருள் மிகப் பெரிது. ஆகலின் ஒவ்வொரு சொல்லாய் நின்று நோக்குவேம்.

குரத்தி என்பது குரு என்னுஞ் சொல்லின் பெண்பால். இதனை வல்லின றகரமிட்டுக் குறத்தி என்று படித்து, மலைக்குறமகள் ஒருத்தி பொன்னீந்தாள் எனக் கதை கட்டுவாரும் உளர். இடையின ரகரமே கல்வெட்டிலுள்ளது. ஆசிரியையாய் அமர்ந்து பிறர்க்கு அறிவு கொளுத்திய துறவி அவர் என்பதே பொருள். கழுகுமலைக் கல்வெட்டுக்களிலும் திருச்சாரணத்துக் குரத்திகள் பெயர் வருகின்றது. ஆகவே இம்மலைப் பள்ளி பாண்டி நாட்டளவுந் தொடர்புடையதாய், பெண்பாலார் ஆசிரியராய் விளங்குதற்கு இடந்தந்ததாய் இருந்தமை தெளிவு. எல்லா ஓரெழுத்துப் பிழைகளும் அச்சுப்பிழையளவில் நின்றுவிடா. இப்பிழை ஓர் ஆசிரியையை வரலாற்றினின்றே நீக்கிவிட வல்லது.

அடுத்து, பட்டாரர், பட்டாரியார் என்னுஞ் சொற்கள். பட்டாரகர் என்னும் வடசொல் வழியாக வந்த இவை தலைவர், தலைவி என்னும் பொருளன. சமண முனிவரையும் தீர்த்தங்கரரையும் பட்டாரர் என்றது போலவே, சிவபெருமானையும் அக்காலத்துக் கல்வெட்டுக்கள் பட்டாரர் என்றே போற்றும். எனவே ஒரு கல்லிற் பட்டாரர் என்னுஞ் சொல் ஒன்றையே கண்டு இது சைவம், இது சமணம் என்று துணிதல் ஆகாது. சூழ்ந்துள்ள பிற சான்றுகளையும் நோக்குதல் வேண்டும். சிதறாலிற் பொன் பெற்ற பட்டாரியார் சமண இயக்கியே என்பதற்கு, ஈந்தவர் குரத்தியாய் இருத்தலும், ஆசிரியர் பெயர் அரட்டநேமி என அமைந்திருத்தலும், பாறைமேல் உருவங்களும் ஒருங்கே சான்றாகும்.

13ஆம் நூற்றாண்டளவில் இக்கோயில் பகவதி கோயிலாயிற்று. மலையில் வழிபடப்பெறும் தெய்வம் இன்றும் பகவதியே. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்ததென்பதில் இருதிறத்தார் இருவேறு முனையில் நிற்கின்றனர். ஒரு சாரார் தொன்றுதொட்டே இது பகவதிக்குரியது, சமணர் இடையிற் புகுந்தனர் என்பர். மற்றொரு சாரார் சமணரை அடித்துத் துரத்திக் கோயிலைக் கவர்ந்தனர் என்பர். முன்னவர் கூற்றினைக் கல்வெட்டு மறுக்கின்றது. பின்னவர் கூற்றினைப் பாறையே மறுக்கின்றது. பகைகொண்டு புகுந்தார், எட்டும் உயரத்திலே வரிசையாய் நிற்கும் திருவுருவங்களை உளிபடாமல் விட்டுவைத்தல் இயல்பன்று. பார்சுவநாதரும் மகாவீரரும் அமர்ந்த அறைகளினருகே பகவதியும் வீற்றிருப்பளாயினள். பட்டாரியார் என்று வணங்கப்பெற்ற தாய்த்தெய்வம் பகவதி என்று வணங்கப்பெறலாயினள் என்றலே சான்றுகட்கு இயைந்த முடிபாம். வணங்கினோரிற் பலர்க்குத் தாம் சமயம் மாறினோம் என்னும் எண்ணமேனும் எழுந்திருக்குமோ என்பது ஐயமே.

இதனோடு நாகர்கோயிலை ஒப்புநோக்குக. அங்குள்ள நாகராசர் கோயிலிற் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னுஞ் சமணர் இருவர் பெயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கல்வெட்டுக்களில் வருகின்றது. தூண்களிலே பார்சுவநாதர், மகாவீரர் உருவங்கள் இன்றுங் காணப்படும். திருஞானசம்பந்தர் காலத்திற்கு ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டின் பின்னரும் நாஞ்சில் நாட்டிற் சமணப் பெரியார் கோயிற் காரியம் பார்த்து வாழ்ந்தனர் என்பது இதனால் விளங்கும். சமணம் ஒருநாளிற் சாய்ந்தது என்னும் பொதுவழக்கு இந்நாட்டளவிற் பொருந்தாது.

இனி, முன்னர் எழுந்த வினாவிற்கு விடை. சமணத்தைப் புறப்புறச் சமயங்களுள் வைத்து எண்ணுவர் நம் ஆசிரியர். அக்கொள்கை வேறுபாடு உள்ளதே. அதனை மறைத்தல் எம் நோக்கமன்று. ஆயினும் அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்தில் எம்முறையைக் கையாண்டனர் என்பதைச் சிந்திக்க. உலகாயதர் முதலாகப் பாஞ்சராத்திரியர் ஈறாக ஒவ்வொரு மதத்தையும் எடுத்து, முதலில் அம்மதத்தார் கூறுமாறே அவர் கொள்கையை நிறுத்தி, அதன் பின்னரே மறுதலை கூறினர். சமணர்க்கும் அம்முறையே செய்தனர். பிறன் கூற்றைத் திரித்து வைத்து வெல்லுதல் வெற்றியன்று என்பது அந்நூலின் அமைப்பிலேயே அடங்கியுள்ளது. கொள்கையில் அம்முறை வேண்டுமெனின் வரலாற்றில் வேண்டாமோ? சமணர் கட்டியதைச் சமணர் கட்டியதென்று கூறுதலால் சிவநெறிக்கு வருங் குறைவு யாதுமில்லை. எத்தெய்வத்தை வழிபடினும் அவ்வழிபாட்டை ஏற்றுப் பயனளிப்பவன் அம்மையப்பனே என்னும் உறுதியுடைய சித்தாந்தி, பிறர் கோயிலின் வரலாற்றைக் கண்டு அஞ்சவேண்டுவதும் இன்று.

இம்மலைக்குக் காவலாயிருந்த ஆய்வேளிர் யாவர்? பொதியின்மலைத் தலைவனும் கடையெழு வள்ளல்களுள் ஒருவனுமாகிய ஆய் அண்டிரனைப் புறநானூறு பாடும். அவன் தனக்குக் கிடைத்தற்கரிய ஆடையொன்றை ஆலின்கீழமர்ந்த இறைவனுக்கு அளித்தனன் எனச் சிறுபாணாற்றுப்படை கூறும். அம்மரபின்பாற்பட்ட பிற்கால வேந்தர்க்கு விழிஞம் அரணுடைக் கடற்கரைத் தலைநகராயிற்று. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் அவ்விழிஞத்தை அழித்ததாகச் சீவரமங்கலச் செப்பேடு பறைசாற்றும். இன்று அங்கே எஞ்சிநிற்பது சிறியதொரு சிவன் குடைவரை. அதனுள் வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. புறத்தே இருமருங்கும் தொடங்கி முடிக்கப்பெறாத சிவமூர்த்தங்கள் பாறையிற் பாதி வெளிப்பட்டு நிற்கின்றன. கோட்டையும் அரண்மனையும் இருந்த இடம் தெரியாதொழிந்தும், உளி நின்றுபோன இடம் இன்றுந் தெரிகின்றது!

அடுத்த நூற்றாண்டிற் கருநந்தடக்கன் கி. பி. 866இல் பொறித்த செப்பேடு மிக அரிய செய்திகளை உடையது. முஞ்சிறைச் சபையாரிடமிருந்து ஒரு நிலத்தைப் பெறுதற்கு, அரசனாயிருந்தும் அதனை வலிந்து கொள்ளாது, மாற்று நிலம் ஈந்து பெற்று, அங்கே திருமால் கோயிலும் சாலையும் எடுத்து, பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டனன். காந்தளூர்ச் சாலையைப் பின்பற்றி 95 மாணாக்கர்க்கு அங்கே உணவும் உறையுளும் அமைந்தன. அத்தொண்ணூற்றைவரும் பவிழிய சரணத்தார் 45, தைத்திரீயர் 36, தலவகாரர் 14 என வகுக்கப்பட்டனர். இலக்கணமும் மீமாஞ்சையும் புரோகிதமும் அறிந்திருத்தலேயன்றி, மூவேந்தர் நாட்டு நடைமுறை அறிதலும் தகுதியாக விதிக்கப்பட்டது. மாணாக்கர் ஒழுக்கம் பற்றிய விதிகளும் உள.

கருநந்தடக்கன் திருமாலுக்குக் கோயில் எடுத்தனன். அவனுக்குப்பின் வந்த விக்கிரமாதித்த வரகுணன் பாலியச் செப்பேட்டின்படி திருமூலவாசத்துப் புத்தர் கோயிலுக்கு நிலம் ஈந்தனன். அவன் ஆட்சியிலேயே குரத்திகள் சிதறாலிற் பொன் ஈந்தனர். அவர் தலைநகரிலோ சிவன் குடைவரை. இதனை நோக்கி, அவ்வேந்தர்க்குச் சமயப்பற்றே இல்லை, யாவர்க்கும் ஈந்து யாவரையுந் தம்வயப்படுத்தினர் என்று கூறுவார் உளர். அரசியற் பயன் கருதாத கொடை அரிதென்பதை யாமும் உடன்படுகின்றோம். ஆயினும் அது முழுக்காரணமாதல் எவ்வாறு? வலிந்து கொள்ளக்கூடிய நிலத்துக்கு மாற்று நிலம் ஈந்தவன், வலிமையை மட்டுமே நம்பி ஆண்டவன் அல்லன்.

சோழன் முதலாம் இராசராசன் காந்தளூர்ச் சாலைக் கலமறுத்த செய்தி அவன் மெய்க்கீர்த்தியால் யாவரும் அறிந்ததே. அதன் பொருள்பற்றி அறிஞர் கொண்ட வழக்கு நீண்டது. ஈண்டு அதனுட் புகேம். அவனது 18ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று திருநந்திக்கரைக் குடைவரையில் உள்ளது. அவன் பிறந்த ஐப்பசிச் சதயத் திருநாட்கு முட்டம் என்னும் ஊர் மும்முடிச்சோழநல்லூர் எனப் பெயர் மாற்றப்பெற்று அளிக்கப்பட்டதை அது கூறும். ஆய் நாடு மெல்ல மறைந்து, வேணாடு எழுந்தது. வேணாட்டார் அரசிருக்கை திருவிதாங்கோட்டில் அமைந்து, அதன்பின் அயலிலுள்ள கல்குளத்துக்கு மாறிற்று. நாட்டுக்குத் திருவிதாங்கூர் என்னும் பெயர் அத்திருவிதாங்கோட்டினாலேயே வந்தது. இன்று அவ்வூரைக் கடந்து செல்வார் பலர்க்கு அது தெரியாது.

கல்குளமே பத்மநாபபுரம். 1601ஐ ஒட்டி இரவிவர்மக் குலசேகரப் பெருமாள் அங்கே அரண்மனை எடுத்தனர் என்பர். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மர் அதனைப் பெருக்கிக் கட்டி, 1744இல் ஊர்ப்பெயரைப் பத்மநாபபுரமென மாற்றினர். 1741இல் குளச்சலில் ஒல்லாந்தரை வென்று பிடித்த படைத்தலைவன் தெலன்னாய் என்பானைத் தம் பணியில் அமர்த்தி, மண்கோட்டையாயிருந்ததைக் கருங்கற் கோட்டையாக்கினர். சுமார் 4 கிலோமீட்டர்ச் சுற்றளவுள்ள அம்மதில் இன்றும் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றது. 1777இல் இறந்த தெலன்னாயின் கல்லறை அருகிலுள்ள உதயகிரிக் கோட்டையுள் உள்ளது. அதன்மேல் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. பகைவனாய் வந்தவன் அந்நாட்டு மொழியினாலே நினைவு கூரப்பெற்றான்.

அரண்மனை ஒரே காலத்திற் கட்டப்பட்டதன்று. உள்ளே தாய்க்கொட்டாரம் மிகப் பழையது. நடுவே முற்றம் விட்டு நாற்புறமும் தாழ்வாரம் இறங்கும் நாலுகெட்டு முறையிலமைந்த, குடியானவர் பெருமனை போன்ற கட்டடம். அதன் ஏகாந்த மண்டபத்துப் பலாமரத் தூணின் வேலைப்பாடு மிக நுட்பமானது. முன்னே பூமுகம், அதன் மேற்கூரையில் ஒன்றுபோல் ஒன்றிராத தாமரை முதலிய மலர்கள் மரத்திற் பூத்துள்ளன. மேலே மந்திரசாலை, காற்றும் மங்கிய ஒளியும் புகும் மரச் சாளரங்கள். ஊட்டுபுரை ஈரடுக்காய்ச் சுமார் 72 மீட்டர் நீளமுடையது. ஒருவேளைக்கு 2,000 பேர் அமர்ந்துண்ணலாம். உப்பரிகை மாளிகை நான்கு நிலையுடையது. அடிநிலை கருவூலம், அதன் மேலே மருந்துமரங்கள் பலவற்றால் ஆன கட்டிலையுடைய பள்ளியறை, உச்சிநிலை இறைவனுக்கு என விடப்பெற்று, சுவரெங்கும் ஓவியம் நிறைந்தது. 1750இல் நாட்டையே பத்மநாபப் பெருமாளுக்கு ஒப்புவித்து, தாம் பத்மநாபதாசர் என்னும் பெயரொடு ஆண்டவர் கட்டிய மாளிகை அல்லவா! அரசன் கீழ்நிலையில் உறங்க, ஆண்டவன் மேல்நிலையில் உறைகின்றான். ஒப்படைப்பின் பொருளைத் தச்சன் மரத்தால் எழுதிவைத்தான் போலும்.

இவையனைத்தும் மரமும் ஓடும் சாய்கூரையுமாய், மலைநாட்டு மழைக்கு ஏற்ப எழுந்தவை. ஆனால் நவராத்திரி மண்டபத்துள் அடிவைத்தாற் காட்சி மாறும். அங்கே கருங்கல் தூண்கள், தமிழ்நாட்டுக் கோயில் மண்டபத்துத் தூண்களைப் போன்றே சிற்பந் தாங்கி நிற்கும். தரையோ கண்ணாடிபோல் முகங்காட்டும் கருந்தரை. சுண்ணாம்பும் சிரட்டைக் கரியும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்ததென்பர். கல்தச்சரும் மரத்தச்சரும் ஒரே வளாகத்துள் அவரவர் நெறி பிறழாது வேலை செய்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. மலையாளக் கலையா, தமிழ்க்கலையா என்று இக்கட்டடத்தைக் கூறுபோடுவாரை யாம் கண்டதுண்டு. 1956 நவம்பர் 1ஆம் நாள் நாடு பிரிந்தபொழுது ஊர் தமிழ்நாட்டின்பாற் சேர்ந்தது. அரண்மனை கேரளத் தொல்பொருட்டுறையின் காப்பில் நின்றது. கோடு வரைவார்க்கே அது கடினமாயிற்றென்றால், கட்டினார் அக்கோட்டை அறிந்திருப்பாரோ?

கோட்டையினுள்ளே அரண்மனையினும் முற்பட்டு நின்றது நீலகண்டசுவாமி கோயில். ஊர்க்குத் திருமாலின் பெயரிட்ட பின்னரும், கல்குளத்து மகாதேவர் என்னும் பழம்பெயர் வழக்கிலிருந்து நீங்கவில்லை. மாசிச் சிவராத்திரியை ஒட்டி அடியார்கள் காவியுடுத்து, பனையோலை விசிறி ஏந்தி, திருநீற்றுப் பையுடன் ஓடி வழிபடும் பன்னிரு சிவாலயங்களுள் இது ஏழாவது. முஞ்சிறையைச் சார்ந்த திருமலையிற் புறப்பட்டு, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம் கடந்து கல்குளம் அடைந்து, மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாகத் திருநட்டாலத்தில் முடிப்பர். ஓடுங்கால் அவர் முழங்குவது கோவிந்தா, கோபாலா என்பது. சிவாலயம் நோக்கி ஓடுவோர் திருமால் பெயரை முழங்குதல் என்னையோவெனின், வீமனையும் புருடாமிருகத்தையும் பற்றிய கதையை விடையாகக் கூறுவர். முடிவிடமாகிய திருநட்டாலத்திற் சங்கரநாராயணர் கோயில் உண்மையும் உடன் கருதத்தக்கது.

இவ்வோட்டத்தின் வழியைச் சற்று உற்று நோக்குக. கருநந்தடக்கன் நிலம் மாற்றிக்கொண்ட முஞ்சிறை தொடக்கத்தில்; இராசராசன் கல்வெட்டுள்ள திருநந்திக்கரை இடையில்; வேணாட்டரசர் இருந்த கல்குளமும் திருவிதாங்கோடும் அடுத்தடுத்து. ஆய், சோழர், வேணாட்டார் என்னும் மூவர் ஆட்சியின் சுவடும் ஓரிரவு பகலில் அடியார் காலடியில் அகப்படுகின்றன.

1795இல் தர்மராசா எனப்படும் கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றினர். அரசரொடு நவராத்திரி விழாவும் அங்கே சென்றது. கம்பர் வழிபட்டதெனச் சொல்லப்பெறும் சரசுவதி திருவுருவம் மட்டும் பத்மநாபபுரத்திலேயே இருந்தமையின், ஆண்டுதோறும் உடைவாள் முன்செல்ல, வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்தநங்கையும் உடன்வர, அத்தேவி திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளி, விழா முடிந்தபின் மீள்கின்றனள். அரசாட்சியும் எல்லையும் மாறிய பின்னரும் இவ்வழக்கம் நிகழ்கின்றது.

காண விழைவார்க்கு ஒன்று கூறுவேம். சிதறால் மலையைக் காலையிலேயே ஏறிவிடுதல் நலம். வெயில் ஏறின் பாறை சுடும். கல்வெட்டுள்ள இடத்தைக் கையாற் தேய்த்தலும், அதனருகே தம் பெயரைக் கீறுதலும் பெருந் தீங்கு; அத்தகைய கீறல்கள் வேறு மலைகளில் எத்துணையோ எழுத்துக்களை விழுங்கிவிட்டன. அங்கிருந்து இறங்கி, திருவிதாங்கோட்டு மகாதேவரை வணங்கி, பின்னரே கல்குளம் செல்க. நீலகண்டரைத் தொழுதபின் அரண்மனை வாயிலிற் புகுக. திங்கட்கிழமைகளில் அரண்மனை திறக்கப்படுவதில்லை.